ராத்திரி முழுக்க ஓடும் குட்டி பிரிட்ஜ். காலையில் கிளம்பாத வேன்!
பேட்டரியை 'காலி' செய்வது யார்? இன்சுலின் கொண்டு போகிறவர்கள் உஷார்!

தருமபுரி:-

வேனிலேயே படுக்கை, அடுப்பு, குட்டி பிரிட்ஜ் என்று சகல வசதியோடு ஊர் சுற்றுவது இப்போது மவுசாகி வருகிறது. பக்கத்து கேரளாவில் 2021-ல் இதற்கென்று அரசே ஒரு திட்டம் அறிவித்தது.

தருமபுரியில் இருந்து ஒகேனக்கல் 46 கிலோ மீட்டர். சனிக்கிழமை மதியம் அருவிக்குப் போய் வேனை நிறுத்துகிறது ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆப். பிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே பால், மீன், தாத்தாவின் இன்சுலின்.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' சத்தம்தான். செல்ப் எடுக்கவில்லை!

பழைய வண்டி என்றால் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். இப்போது வரும் வண்டிகளில் கம்ப்யூட்டருக்கே கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் தள்ளியும் பிரயோஜனம் இல்லை.

எப்படி காலியாகிறது?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

12 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரசர் பிரிட்ஜ் சுமார் 50 வாட் எடுக்கும். அதாவது 4 ஆம்பியர். வெயில் ஊரில் பாதி நேரம் ஓடுகிறது என்றால்கூட 18 மணி நேரத்தில் 36 ஆம்பியர்-அவர் போய்விடும். வேன் பேட்டரி 75 என்றால் பாதி காலி! பேட்டரி இரண்டு, மூன்று வருடம் பழசு என்றால் கேட்கவே வேண்டாம்.

விலை மலிவாக, கம்ப்ரசர் இல்லாத 'கூலர் பெட்டி' ஒன்று விற்கிறார்கள். அது நிற்காமல் 4 ஆம்பியர் இழுக்கும். 18 மணி நேரத்துக்கு 72. மலிவுப் பெட்டிதான் பேட்டரியை விழுங்குகிறது! வீட்டு பிரிட்ஜை இன்வெர்ட்டரில் மாட்டலாமே என்றால், கிளம்பும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் தின்பது தனி.

கரண்டே இல்லாமல் நெருப்பில் குளிரும் பிரிட்ஜும் உண்டு. 1922-ல் சுவீடன் நாட்டு மாணவர்கள் பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் கண்டுபிடித்தது. கரண்ட் எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் கதவு சாத்திய வேனுக்குள் கேஸ் எரித்துக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து. விஷவாயு வாசனைகூட வராது.

வழி என்ன?

பிரிட்ஜுக்குத் தனி பேட்டரி. 100 ஆம்பியர்-அவர் என்றால் சாதா பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம். லித்தியத்தில் 80 வரை எடுக்கலாம். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே. என்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். ஆப் செய்ததும் பிரிந்துவிடும். ராத்திரி முழுக்க பிரிட்ஜ் ஓடினாலும் செல்ப் எடுக்கும்.

கூரையில் 100 வாட் சோலார் தகடு இருந்தால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-அவர் திரும்பக் கிடைக்கும். இதில் ஒரு தமாஷ்: வேனை மரத்தடியில் போட்டால் பிரிட்ஜுக்கு சுகம், தகட்டுக்கு பட்டினி!

ஒயரில் சிக்கனம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒல்லி ஒயரில் வோல்ட் குறைந்து பிரிட்ஜ் தானாக நின்றுவிடும். ஒயர் சூடாகி தீப்பிடிக்கவும் கூடும். பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் கட்டாயம்.

மருந்து ஜாக்கிரதை!

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். பிரிட்ஜ் நின்றால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது! குட்டி பிரிட்ஜில் குளிர் தகட்டை ஒட்டி வைத்தால் ராத்திரியில் கட்டியாகிவிடும். உருகிய பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். போட்டால் வேலை செய்யாமல் போகலாம். தூக்கி எறிவதே சரி. உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்தால் போதும், தெரிந்துவிடும்.

பிரித்த மருந்தை, அதிக சூடு படாமல், பெரும்பாலும் 4 வாரம் வரை வெளியிலேயே வைக்கலாம். எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்பது சீட்டில் இருக்கும்.

தடுப்பூசி மருந்தை மலைக் கிராமங்களுக்குக் கொண்டு போக பிரிட்ஜ் தேவைப்படுவதில்லை. 4 ஐஸ் பேக் அடுக்கிய சின்னப் பெட்டிதான். வேன்காரர்களும் இதைச் செய்யலாம். பகலில் வண்டி ஓடும்போது தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, ராத்திரி பிரிட்ஜை ஆப் செய்துவிட்டால் காலை வரை குளிர் நிற்கும். இன்சுலினை மட்டும் துணியில் சுற்றி, பாட்டில் மேலே படாமல் வைக்க வேண்டும்.