தேக்குத் தோப்பின் கீழ் எழும் சுதேச வனம்

ஆனைமலையிலுள்ள டாப்ஸ்லிப், 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய தேக்குக் கட்டைகளை மலைச்சரிவிலே நழுவவிட்டமையால் அப்பெயர் பெற்றது. வெறுமையான அச்சரிவுகளில் 1915-க்குப் பின் ஹ்யூகோ வுட் என்னும் வன அதிகாரி மீண்டும் தேக்கை வளர்த்தார். 2007-இல் இப்பிரதேசம் புலிகள் காப்பகமாயிற்று. கோடரி ஓய்ந்த பழந்தோப்புகள் சிலவற்றில், தேக்கின் நிழலிலே சுதேச மரக்கன்றுகள் தாமாகவே எழுகின்றன.

இவற்றை நடுவோர் யாருமிலர். இருவாச்சி, கொண்டைக்குருவி, மரநாய் முதலியன பக்கத்துச் சோலையில் தின்ற பழங்களின் விதைகளை எச்சத்தோடு இங்கே இடுகின்றன. தேக்கிலோ அவை விரும்பும் பழம் இல்லை. ஆகையால் சோலை தூரமாயின் விதை வருவதும் அருகும்.

விட்டுவிட்டால் போதும், காடு வந்துவிடும் என்போர் தீயை மறந்து பேசுகின்றனர். கோடையில் தேக்கு இலையுதிர்ந்து, சருகு மெத்தைபோல் கிடக்கும். அதில் நெருப்புப் பற்றினால் பல வருஷத்துக் கன்றுகள் ஒரே பகலில் கருகிவிடும். முதிர்ந்த தேக்கு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெந்த இடத்தை உண்ணிச்செடி கவர்ந்துகொள்ளும்.

ஆனைமலை, பரம்பிக்குளம் பகுதிகளின் காடுகளையும் தோப்புகளையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பல்லின மரக்காடு வறட்சி வருஷங்களிலும் ஓரினத் தோப்பைவிடத் தளராது கரியமிலவாயுவை ஈர்ப்பதாகக் காணப்பட்டது.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்துக்கு ஆதாரம் இம்மலை நீரே. ஆதலின் வன எல்லையை அடுத்த நிலச்சுவான்தார்கள் தை முதல் சித்திரை வரை வரப்பிலும் கரட்டிலும் தீயிடலாகாது. கிராம அதிகாரிகள் புகை கண்டவுடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புவார்களாக.