மரத்தைக் கொல்வது மரங்கொத்தியா?

மரங்கொத்தி கொத்திய மரம் பட்டுப்போகும் என்று நம் கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். தென்னையில் “டொக், டொக்” என்று சத்தம் கேட்டதும் கல்லெறிந்து கலைப்போரும் உண்டு. மரங்கொத்தி அடிக்கடி வரும் மரம் சில காலத்தில் பட்டுப்போவதை நாம் கண்டும் இருக்கலாம். ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்க்க வேண்டும். வைத்தியர் வந்துபோகும் வீட்டில் நோயாளி இருப்பார். அதற்காக, வைத்தியர் வந்ததால்தான் நோய் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள, உலகின் மிகப் பெரிய மரங்கொத்தி வாழ்ந்த அமெரிக்கக் கண்டத்தின் காடுகளைப் பார்ப்போம். அங்கே நடந்தவற்றில் மண்ணை நம்பி வாழும் நமக்கும் பாடம் உண்டு.

புழுவை விரும்பும் பறவை

அமெரிக்கக் கண்டத்துப் பெருமரங்கொத்திகளில் ஒரு பேரினத்துக்கு 1840ஆம் ஆண்டில் ‘கம்பெபிலஸ்’ என்று விஞ்ஞானப் பெயர் இடப்பட்டது. கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிய இப்பெயரின் பொருள் ‘புழுவை விரும்புவது’ என்பதாகும். இப்பேரினத்தில் சுமார் 12 இனங்கள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியது மெக்சிக்கோவின் பேரரச மரங்கொத்தி. அதன் நீளம் ஏறத்தாழ 2 அடி. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலும் கியூபாவிலும் வாழ்ந்த தந்த அலகு மரங்கொத்தி அதைவிடச் சற்றுச் சிறியது.

இவற்றுக்குத் தச்சரின் உளி போன்ற அலகு உண்டு. விறைப்பான வால், மரத்தில் நிற்கும்போது உடலைத் தாங்கும் முட்டுக்கால் போல உதவுகிறது. மரங்கொத்திகளின் நாக்கு நீளமானது. அதன் அடிப்பகுதி மண்டையோட்டைச் சுற்றி வளைந்து கிடக்கும். மரத்தின் துளைக்குள் இருக்கும் புழுவை அது இழுத்தெடுக்கும்.

பட்ட மரமே வயல்

ஒரு பெரிய மரம் முதுமையாலோ, இடி விழுந்தோ, வெள்ளம் நின்றோ பட்டுப்போகிறது. உடனே நீண்ட கொம்புடைய வண்டுகள் வந்து பட்டையில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே தின்று கொழுக்கின்றன. அப்போது பட்டை இறுக்கமாகவே இருக்கும். சாதாரணப் பறவைகளால் அதைப் பிளக்க முடியாது. தந்த அலகு மரங்கொத்தியோ தன் அலகை உட்செலுத்திப் பட்டையைத் தகடு தகடாக உரித்துவிடும்.

இந்த விருந்து இரண்டு மூன்று வருடங்களுக்குத்தான். பின்னர் பட்டை தானாகவே கழன்று விழும், புழுக்களும் குறைந்துவிடும். பறவை அடுத்த பட்ட மரத்தைத் தேடிப் போக வேண்டும். ஆகவே, காட்டில் ஆங்காங்கே முதிய மரங்கள் தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால்தான் அது வாழலாம். இளமரங்கள் மட்டும் நிற்கும் புதுக்காட்டில் அதற்கு உணவு இல்லை. ஜேம்ஸ் டானர் என்ற ஆய்வாளர் 1937 முதல் 1939 வரை இப்பறவையை ஆராய்ந்தார். ஒரு சோடிக்குச் சுமார் 6 சதுர மைல் நல்ல காடு தேவை என்று அவர் மதிப்பிட்டார்.

ஒரு பறவைக்கு இவ்வளவு நிலமா என்று கேட்கத் தோன்றும். சேனைப் பயிர் செய்தவர்களுக்கு இது வியப்பாக இராது. இந்த வருடம் விதைக்கும் துண்டு மாத்திரம் சேனைக்காரருடைய நிலம் அல்ல. ஆறப்போட்ட நிலமும் அவருடைய வாழ்வின் பங்குதான். அதைச் சும்மா கிடக்கும் காடு என்று நினைப்பவர் வெளியாளாகவே இருப்பார்.

சிங்கர் காட்டின் கதை

சிங்கர் தையல் மெசினை அறியாதவர்கள் நம்மிடையே குறைவு. லூசியானா மாநிலத்தின் வடகிழக்கில் ஏறத்தாழ 80,000 ஏக்கர் காடு அக்கம்பனிக்குச் சொந்தமாக இருந்தது. தையல் மெசினுக்கான மரப்பெட்டிகள் செய்ய மரம் வேண்டும் என்றே அது வாங்கப்பட்டது. சுற்றியிருந்த ஆற்றோரக் காடுகள் பெரும்பாலும் தறிக்கப்பட்ட பிறகு, தந்த அலகு மரங்கொத்திகளுக்கு எஞ்சியிருந்த முக்கிய புகலிடம் இதுதான். டானர் இங்கேயே தமது ஆய்வைச் செய்தார். நாடு முழுவதிலும் 24 பறவைகளுக்கு மேல் இருக்காது என்பது அவரது கணிப்பு.

1930களின் இறுதியில் இக்காட்டில் மரம் தறிக்கும் உரிமை ‘சிக்காகோ மில்’ என்ற மரக் கம்பனியிடம் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரத்துக்குத் தேவை கூடியது. காட்டைக் காப்பாற்றும்படி மாநில ஆளுநர்களும் கேட்டுப் பார்த்தார்கள், கம்பனி இணங்கவில்லை. சிறைப்பட்ட ஜேர்மன் போர்வீரர்களும் அங்கே மரம் தறிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள்.

1944 ஏப்ரலில் டொன் எக்கல்பெரி என்ற ஓவியர் அங்கு சென்றார். தறித்து வெறுமையாகிக்கொண்டிருந்த காட்டில் ஒரேயொரு பெண் பறவையைக் கண்டார். அந்தி நேரத்தில் அது தன் பொந்துள்ள மரத்துக்குத் திரும்பி வரும். அவர் அதைப் பார்த்து வரைந்தார். ஐக்கிய அமெரிக்காவில் இப்பறவையைக் கண்டதாக எல்லோரும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் கடைசிச் செய்தி அதுவே. கியூபாவில் கடைசியாக உறுதியாகக் கண்டது 1987இல். இது அழிந்துவிட்டதாக அறிவிக்கலாம் என்று அமெரிக்க அரசின் வனசீவராசிகள் சேவை 2021இல் முன்மொழிந்தது. ஆனால் 2023இல் மற்றைய 21 இனங்களை அழிந்தவையென அறிவித்தபோது, இதன் பெயரை அதில் சேர்க்கவில்லை. தேடுவோர் இன்னும் தேடுகிறார்கள்.

பறவைக்குச் சிறகு இருக்கிறதே, வேறிடம் போயிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. போய்ச் சேர ஓர் இடம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே உழைத்து உண்ண வழியும் இருக்க வேண்டும்.

நஞ்சு பூசிய மரங்கள்

மெக்சிக்கோவின் மேற்கு மலைகளில் பைன் மரக்காடுகளில் வாழ்ந்த பேரரச மரங்கொத்திக்கும் இதே கதி. அங்கும் பெருமரங்கள் தறிக்கப்பட்டன. மக்கள் அதைச் சுட்டு உண்டார்கள். 1956இல் துராங்கோ மாநிலத்தில் வில்லியம் ரைன் என்ற பல் வைத்தியர் கோவேறு கழுதையில் இருந்தவாறே ஒரு பறவையைப் படம் பிடித்தார். அந்த 85 விநாடித் திரைப்படம்தான் இன்று நம்மிடம் எஞ்சியுள்ளது. உயிருள்ள பேரரச மரங்கொத்தியைக் காட்டும் வேறு படம் எதுவும் கிடையாது.

2010இல் ஆய்வாளர்கள் அதே இடத்துக்குப் போனார்கள். பறவையைக் காணவில்லை. ஆனால் அங்குள்ளவர்களிடமிருந்து ஒரு செய்தி கிடைத்தது. 1950களில் வனத்துறையாளர் ஒருவர், இப்பறவை விலையுயர்ந்த மரங்களை நாசமாக்குகிறது என்று சொல்லி, அது இரை தேடும் மரங்களில் நஞ்சு பூசும்படி தூண்டினாராம். பட்ட மரத்தில் புழுத் தேடிய பறவை, மரத்தைக் கொன்ற குற்றத்துக்கு ஆளானது.

இன்னும் வாழும் உறவினர்

இப்பேரினம் முற்றாக அழிந்துவிடவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி, ஆர்ஜென்டீனா நாடுகளின் காடுகளில் மகலன் மரங்கொத்தி வாழ்கிறது. ஆண் பறவைக்குத் தலை முழுவதும் சிவப்பு, உடல் கறுப்பு. குஞ்சுகள் வளர்ந்த பிறகும் சில காலம் பெற்றோருடனேயே சேர்ந்து இரை தேடும். முதிய மரங்களும் பட்ட மரங்களும் நிற்கும் பகுதிகளையே அது நாடுகிறது. அவை நிற்கும் வரை பறவையும் நிற்கும்.

நமது வளவில்

கம்பெபிலஸ் பறவைகள் இலங்கையில் இல்லை. ஆனால் அவற்றின் உறவினர்கள் நம் பனையிலும் தென்னையிலும் ஏறுகின்றன. வடக்கில் பொன்முதுகு மரங்கொத்தியையும், ஏனைய பகுதிகளில் செம்முதுகு மரங்கொத்தியையும் காணலாம். எறும்பும் புழுவும் இவற்றின் முக்கிய உணவு. ஆகவே உங்கள் தென்னையில் மரங்கொத்தி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தினால், கல்லைத் தேடாமல் மரத்தைப் பாருங்கள். துளை, கசிவு, மரத்தூள் இருக்கிறதா என்று கவனியுங்கள். நோயை அறிய அது உங்களுக்கு உதவக்கூடும்.

அது குடைந்து விட்டுப்போன பொந்துகளில் மைனாவும் சிறு ஆந்தையும் குடியேறும். பூச்சி தின்னும் பறவைகள் வயலுக்கு அருகே தங்குவது கமக்காரருக்கு நன்மையே.

வீட்டுக்கோ பாதைக்கோ பக்கத்தில் நிற்கும் பட்ட மரத்தைத் தறிக்கத்தான் வேண்டும். அது விழுந்தால் உயிருக்கு ஆபத்து. வளவின் எல்லையிலோ குளக்கரையிலோ யாருக்கும் இடைஞ்சலின்றி நிற்கும் ஒரு பட்ட பனையை விறகுக்கென்று அவசரப்படாமல் விட்டுவைக்கலாம். காணியைத் துப்புரவு செய்யும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியாக்காமல், எது நிற்கலாம் என்று முதலில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது.

கலந்துரையாடலுக்கு

1. பயனற்றது என்று நினைத்து நாம் அழித்த ஒன்று, பின்னர் பயனுள்ளது என்று தெரியவந்த அனுபவம் உங்கள் ஊரில் உண்டா?

2. உங்கள் வளவில் எந்தப் பட்ட மரம் ஆபத்தானது, எதை விட்டுவைக்கலாம்?

3. மரங்கொத்தியைப் பற்றி உங்கள் பெரியோர் சொன்னவை எவை? அவற்றில் எதை நீங்களே கண்டு உறுதிப்படுத்தியிருக்கிறீர்கள்?