இலையை வெட்டினேன், பூவை இழந்தேன்

பாடசாலையில் வேர்ட்ஸ்வர்த்தின் கவிதையில் படித்த டெபொடில் பூவை நான் நேரில் கண்டது, இங்கிலாந்தில் மகன் வீட்டுத் தோட்டத்தில்தான். எல்லா டெபொடிலும் நன்றாக மணப்பதில்லை. மருமகள் நட்டிருந்தது 'சியர்புல்னஸ்' என்னும் வாசனை இனம். ஒரு தண்டில் இரண்டு மூன்று பூக்கள். சில தண்டுகளை ஜாடியில் வைத்தால் அறை முழுக்க மணக்கும்.

நடுவது இலேசு. வெங்காயம் போன்ற கிழங்கைச் செப்டெம்பர், ஒக்டோபரில் வாங்கி, கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில், கூர்நுனி மேலே இருக்க நட வேண்டும். வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத மண் போதும். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, வசந்தத்தில் பூக்கும். அந்தக் குளிர் கொழும்பில் இல்லை. இங்கே முயன்று காசை வீணாக்க வேண்டாம். இன்னொன்று, இந்தக் கிழங்கு நஞ்சு. சமையலறை வெங்காயத்தோடு கலந்துவிடக் கூடாது.

நான் பிழைவிட்டது பூ முடிந்த பிறகு. நீண்ட இலைகள் சாய்ந்து அலங்கோலமாகக் கிடந்தன. தோட்டத்தைத் துப்புரவாக்குவோம் என்று ஒரு காலையில் எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிட்டேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தொலைபேசியில்தான் சொன்னார்: "மாமா, இந்த முறை இலை மட்டும்தான் வந்திருக்கு. பூ இல்ல."

காரணம் இதுதான். பூ முடிந்த பின் இலைகள் வெயிலில் உணவு தயாரித்துக் கிழங்கில் சேமிக்கின்றன. அடுத்த வருடப் பூ அந்தச் சேமிப்பிலிருந்தே வருகிறது. வாடிய பூவைக் கிள்ளலாம். இலையை ஆகக் குறைந்தது 6 வாரம் தொடக்கூடாது.

இதைக் கேட்டபோது என் கடைதான் ஞாபகம் வந்தது. ஒரு நோன்புப் பெருநாளுக்குப் புடைவை வியாபாரம் அமோகமாக நடந்தது. கையில் சேர்ந்த காசெல்லாம் இலாபமென்று எண்ணி, வீட்டுக்கு மேல்மாடி கட்டினேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரக்கெடுக்கக் கைமுதல் இல்லை. கடனுக்குக் கூடிய விலையில் எடுத்து, பக்கத்துக் கடை விலைக்கு விற்க முடியாமல் நின்றேன். தலைநிமிர மூன்று வருடம் சென்றது.

சீசன் முடிந்ததும் லாச்சியில் இருப்பதெல்லாம் நமது காசல்ல. முதலில் சரக்குத் தந்தவரின் பாக்கி. அடுத்து, வரப்போகும் சீசனுக்கான கொள்முதல். இரண்டையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் வீடும் வாகனமும். ஸகாத் கணக்குப் பார்க்க உட்காரும் நாளிலேயே இந்தக் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மருமகள் அந்த முறை இலைகளை அப்படியே விட்டுவைத்தார். மறு வருடம் பூத்தன, அல்ஹம்துலில்லாஹ்.