சாடி மரமும் உறைபனியும்

யப்பானில் 1625ஆம் ஆண்டளவிற் சாடியில் வளர்க்கத் தொடங்கிய பைன் மரமொன்று, 1945இல் இரோசிமா அணுகுண்டுக்கும் தப்பி, இன்று வாசிங்டனில் வாழ்வதை அறிகின்றோம். பொன்சாய் எனப்படும் இச்சிறு மரங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் செல்வம். ஒரு பனிக்காலக் கவனக்குறைவே அச்செல்வத்தை அழித்துவிடக்கூடும்.

குளிர் வந்ததும் வெப்பமான அறையினுள் வைத்தாலென்ன என நாம் எண்ணலாம். அது தீங்காகவே முடியும். பைன், மேப்பிள் முதலிய மரங்களுக்குப் பனிக்காலம் உறக்க காலம்; அவ்வுறக்கம் கலைந்தால் மரம் நலிந்துவிடும்.

ஆயின், நாம் காக்க வேண்டியது எதனை? வேரையே. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரை ஆழ்ந்த மண் காக்கின்றது. சாடியிலோ குளிர் நாற்புறமும் நுழைகின்றது. மண் உறைந்தபின் வேரினால் நீரை உறிஞ்ச இயலாது. அவ்வேளை வறண்ட காற்றும் வீசுமாயின், பசுமை மாறா மரம் பனியின் நடுவே நீரின்றி வாடும்.

ஆதலால் யப்பானியர் ‘முரோ’ என்னும் வெப்பமூட்டாத கொட்டிலிற் சாடிகளை ஒதுக்குவர். கொட்டில் இல்லாதார் சாடியை மண்ணிற் புதைத்துச் சருகால் மூடுவதுமுண்டு. சாடி மண் காய்ந்தால், உறைவில்லாத பகற்பொழுதில் நீர் வார்த்தல் வேண்டும். இளவேனிலில் அரும்பு விரிந்த பின்னரும் காவல் தளரலாகாது. துயிலெழுந்த தளிரை ஓரிரவு உறைபனியே கருக்கிவிடும்.