வெள்ளியில் ஒரு நாள் எத்தனை நாள்?

மஃரிபிலிருந்து மறு மஃரிப் வரை ஒரு நாள். இந்தக் கணக்கிலேயே பழகிவிட்டதால், நாள் என்றால் எங்கும் 24 மணித்தியாலம்தான் என்று எண்ணிவிடுகிறோம். கோள் தன்னைத்தானே சுழல்வதால் நாள் உண்டாகிறது. சூரியனைச் சுற்றி வருவதால் வருடம் உண்டாகிறது. இரண்டும் கோளுக்குக் கோள் வேறுபடும்.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். அது சூரியனை ஒருமுறை சுற்றிவர நமது 225 நாட்கள் செல்கின்றன. தன்னைத்தானே ஒருமுறை சுழலவோ 243 நாட்கள்! அதுவும் பூமி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில். எனவே அங்கே சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை சுமார் 117 நாட்கள்; ஏறக்குறைய நமது நான்கு சந்திர மாதங்கள். பகல் மட்டுமே இரண்டு மாதம். சுமார் 460 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அங்கே எவரும் வாழ முடியாது என்பது வேறு விடயம். ஆனாலும், “அங்கே நோன்பு பிடிப்பது எப்படி?” என்று பிள்ளைகள் கேட்டால் உம்மாமார் அதட்டிவிட வேண்டாம். நியாயமான கேள்விதான் அது.

வியாழன் இதற்கு நேர்மாறு. பூமியை விட 11 மடங்கு அகலமான அந்தக் கோள் 10 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. சூரியனைச் சுற்றவோ 12 வருடங்கள். சனிக்கு இருபத்தொன்பதரை வருடங்கள், நெப்டியூனுக்கு 165. 1846இல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூன், அதன் பின் ஒரு முழுச் சுற்றை 2011இல்தான் முடித்தது. 60 வயது உம்மம்மாவுக்குப் புதனின் கணக்கில் ஏறக்குறைய 250 வயது. நெப்டியூன் கணக்கில் இன்னும் ஒரு வயது கூட ஆகவில்லை!

அங்கெல்லாம் போய்ச் சேர எவ்வளவு காலம் செல்லும்? தூரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. 1977இல் புறப்பட்ட வொயேஜர் 2, தொலைதூர நெப்டியூனை 12 வருடங்களில் கடந்தது. 2004இல் புறப்பட்ட மெஸஞ்சர், எவ்வளவோ கிட்டவுள்ள புதனைச் சுற்றத் தொடங்கியது 2011இல்தான். சூரியனை நோக்கிச் செல்லச் செல்ல வேகம் கூடிவிடும். அதைத் தணித்தால்தான் புதனருகே தங்க முடியும். செவ்வாய்க்குப் போக ஏறக்குறைய ஏழு மாதங்கள் போதும். ஆனால் பூமியும் செவ்வாயும் தோதான நிலைக்கு வருவது 26 மாதங்களுக்கு ஒருமுறைதான்.

இனி, பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என ஸஹாபாக்கள் வினவினார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழ வேண்டும் என்பதே பதில். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

2007 ஒக்டோபரில், ரமழான் மாதத்தில், மலேசியாவின் ஷெய்க் முஸஃபர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது இது நடைமுறைக்கே வந்தது. அந்நிலையம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால், ஒரே நாளில் 16 உதயங்கள்! 16 சுப்ஹா தொழுவது? இல்லை. 24 மணித்தியாலத்துக்கு ஐந்து நேரத் தொழுகையே. புறப்பட்ட இடத்தின் நேரமே கணக்கு என்று மலேசிய ஃபத்வா சபையின் வழிகாட்டி தெளிவுபடுத்தியது. நோன்பை அங்கேயே நோற்கலாம், அல்லது பூமிக்குத் திரும்பிக் களாச் செய்யலாம். கிப்லா, இயன்றால் கஃபாவின் திசை. இல்லையேல் பூமியின் பக்கம். அதுவும் இயலாவிட்டால் எந்தப் பக்கமும் முன்னோக்கலாம்.