பல்லி முட்டையைக் காப்போம்!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அலமாரிக்குப் பின்னால் சிறு வெள்ளை உருண்டைகள் இரண்டு கிடைக்கும். குப்பையோடு போய்விடும் அவை பல்லி முட்டைகள். கொசு, ஈசல்களைத் தின்று நமக்கு உதவும் அந்த உயிரைச் செலவின்றிக் காக்கலாம்.

கோழி தன் முட்டைகளை அடிக்கடி திருப்பிவிடும். பல்லி முட்டையைத் திருப்பவே கூடாது. அதன் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டு வளர்வதால், புரட்டினால் இறந்துவிடக்கூடும். எனவே எடுக்கும் முன்பே மேற்புறத்தில் பென்சிலால் புள்ளி வைப்போம். 1976-இல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கியதே, அந்த முதலையின் முட்டைக்கும் இதே விதிதான். சுவரில் ஒட்டிய முட்டையைப் பெயர்க்க வேண்டாம்.

காலி டப்பாவின் மூடியில் துளையிட்டு, உள்ளே உலர்ந்த மணலைப் பரப்பி, புள்ளி மேலிருக்க முட்டைகளைப் பாதி புதைப்போம். ஒரு மூலையில் ஈரப் பஞ்சு வைப்போம். முட்டை மேல் நீர் படக் கூடாது. பல்லி அடைகாப்பதில்லை. 28 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். மதுரையில் அதற்கு மின்விளக்கு எதற்கு? சித்திரை வெயிலில் மட்டும் தண்ணீர்ப் பானை அருகே வைப்போம்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சு தானே வெளிவரும். மாலையில் விளக்கருகே சுவரில் விட்டால் இரை தேடிக்கொள்ளும். பல்லிக்கு விஷமில்லை. அது சொல்வதற்குப் பலன் பார்க்கும் நாம், அதன் முட்டைக்கும் சிறிது இடம் கொடுப்போமே!