புழுவெட்டில் புழு உண்டா?



சிலருக்குத் தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் மட்டும் வழுவழுன்னு இருக்கும். பார்த்திருப்பீர்கள். இதைத்தான் புழுவெட்டு என்கிறோம். "ராத்திரி தூங்கும்போது பூச்சி வந்து வெட்டிட்டுப் போயிடுச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் எந்தப் புழுவும் பூச்சியும் வெட்டுவதில்லை. அப்படியென்றால் முடியை உதிர்ப்பது யார்? அதைக் கண்டுபிடிக்கப் பாடுபட்ட ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

முதலில் முடியைப் பற்றிக் கொஞ்சம். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒரு முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். 2 முதல் 6 வருடம் வளர்ந்த பிறகு, மூன்று மாதம் போல ஓய்வெடுத்துவிட்டு உதிர்ந்துவிடும். அதே வேரிலிருந்து புது முடி முளைக்கும். இப்படித் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் சகஜம்தான். சீப்பில் நாலு முடி வந்தால் பயப்பட வேண்டாம்.

புழுவெட்டு அப்படி இல்லை. அதன் மருத்துவப் பெயர் அலோபீசியா ஏரியாட்டா. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ என்ற விஞ்ஞானி இருக்கிறார். 1995ஆம் ஆண்டு, அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் அவருக்கே புழுவெட்டு வந்துவிட்டது. அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. "இது ஏன் வருது?" என்ற கேள்வியையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

1998இல், பாகிஸ்தானில் உடம்பில் முடியே இல்லாதவர்கள் இருந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணுவை அவரது குழு கண்டுபிடித்தது. அது புழுவெட்டு அல்ல, வேறு நோய். ஆனால் முடி வளர்வதற்கு எந்த மரபணு தேவை என்று அதிலிருந்து தெரிந்தது.

அடுத்து, புழுவெட்டு உள்ள 1000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை, அது இல்லாதவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். 2010இல் விடை கிடைத்தது. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும் காவல்காரர்கள் அல்லவா? புழுவெட்டில் முடியின் வேர் தவறுதலாக "ஆபத்து, வாங்க!" என்று அவற்றுக்குச் சைகை காட்டிவிடுகிறது. காவல்காரர்களும் ஓடிவந்து வேரையே தாக்குகிறார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! ஆனால் வேர் செத்துப்போவதில்லை. அதனால் முடி மறுபடியும் முளைக்க வழி இருக்கிறது.

இந்தச் சண்டைக்கான தகவல் போகும் வழியை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். 2014இல் ருக்சோலிடினிப் என்ற மாத்திரை சாப்பிட்ட மூன்று பேருக்கு, நாலைந்து மாதத்தில் முடி நன்றாக வளர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு, கடுமையான புழுவெட்டு உள்ள பெரியவர்களுக்காக 2022இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இவை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஆகவே டாக்டர் சொல்லாமல் சாப்பிடவே கூடாது. சின்ன வட்டமாக இருந்தால் பலருக்கு மருந்தே இல்லாமல் முடி தானாக முளைத்துவிடும்.

சரி, புழுவெட்டு ஒட்டிக்குமா? ஒட்டவே ஒட்டாது! பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே சீப்பில் தலை சீவினாலும் வராது. ஆனால் அரிப்போடு செதில் செதிலாக உரிந்து முடி கொட்டினால், அது படர்தாமரையாக இருக்கலாம். அதுதான் சீப்பு, துண்டு மூலம் பரவும். இரண்டில் எது என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். நாமாக எதையாவது அரைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

புழுவெட்டு வந்த பிள்ளையை "சொட்டை" என்று கூப்பிடுவதையும், "அவ பக்கத்துல உட்காராத" என்று சொல்வதையும் நானே கேட்டிருக்கிறேன். 100 பேரில் சுமார் 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரலாம். நாளைக்கு நமக்கும் வரலாம். முடி கொட்டுவதில் வலி இல்லை. கேலி செய்வதில்தான் வலி இருக்கிறது. அந்த வலிக்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. இனிமேல் யாருக்காவது புழுவெட்டு இருந்தால், பெஞ்சில் தள்ளி உட்காராமல் பக்கத்தில் உட்காருவோம்!